1999ன் பி2பி பங்குகள்: எல்லோரும் வாங்கினார்கள், ஆனால் எதை?

இணைய நிறுவனப் பங்குகள் எகிறி விழுந்த டாட்காம் காலம் என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் நாய்த்தீனி கதையைச் சொல்லிவிடுவார். இன்டர்நெட்டில் நாய்க்கும் பூனைக்கும் தீனி விற்ற பெட்ஸ்.காம், 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்து அதே நவம்பரில் கடையைச் சாத்தியது. "இதுக்குப் போய் பணத்தைக் கொட்டினாங்களே" என்று ஒரு சிரிப்போடு கதை முடியும். இப்போது ஏஐ பங்குகளைப் பற்றி வாக்குவாதம் நடக்கும் இடத்திலெல்லாம் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கதையில் பொய் இல்லை. ஆனால் பெட்ஸ்.காம் பங்கு விற்றுத் திரட்டியதே சுமார் 8.25 கோடி டாலர்தான். அதற்குச் சற்று முன்பு, இன்று பெரும்பாலானோருக்குப் பெயர்கூட நினைவில்லாத இன்டர்நெட் கேபிடல் குரூப் என்ற நிறுவனத்தைச் சந்தை 5,000 கோடி டாலருக்கு மேல் மதித்தது. அது நாய்த்தீனி விற்கவில்லை, பொதுமக்களுக்கு எதையுமே விற்கவில்லை. அது "பி2பி" நிறுவனம். நாய்த்தீனிக் கடையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நாம விவரமான பங்கா வாங்குவோம்" என்று ஒதுங்கிய ஆட்கள் போய் விழுந்த கிணறு இதுதான். முதல் கிணற்றைவிட ஆழமானது.

முதலில், பி2பி என்றால் என்ன

நீங்கள் கடையில் ஒரு சோப்பு வாங்குகிறீர்கள். நிறுவனம் ஒன்று நேராக நுகர்வோருக்கு விற்கும் இந்த வகைக்கு பி2சி (பிசினஸ் டு கன்சூமர்) என்று பெயர். அந்தச் சோப்பைச் செய்த தொழிற்சாலையும் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறது: எண்ணெய், காஸ்டிக் சோடா, அட்டைப்பெட்டி, இயந்திரத்துக்கு பேரிங், தொழிலாளிக்குக் கையுறை, ஆபீசுக்குப் பேப்பர். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கும் இந்த வியாபாரம்தான் பி2பி, அதாவது பிசினஸ் டு பிசினஸ். நம் கண்ணில் படாது, ஆனால் நாம் கடையில் செய்யும் செலவைவிட இது எவ்வளவோ பெரியது, ஏனென்றால் ஒரே சோப்பு நம் கைக்கு வருவதற்குள் நாலைந்து முறை யாரோ யாருக்கோ விற்று வாங்கியிருப்பார்கள்.

1990களில் அமெரிக்காவில்கூட இந்த வேலை போனிலும் ஃபேக்ஸிலும் தடித்தடி கேட்லாக்கிலும்தான் பெரும்பாலும் நடந்தது. கொள்முதல் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டு, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, ஆர்டர் எழுதி அனுப்புவார். ஐம்பது டாலர் கையுறைக்கும் அதே காகிதம், அதே கையெழுத்து. இதை இன்டர்நெட்டுக்குக் கொண்டுபோனால் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் அதில் என்ன பைத்தியக்காரத்தனம் இருக்கிறது? எதுவுமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

களத்தில் இறங்கியவர்கள் பல வகை. கலிபோர்னியாவின் அரிபா, நிறுவன ஊழியர்கள் திரையிலேயே பொருளைத் தேர்ந்தெடுத்து ஒப்புதல் வாங்கி ஆர்டர் போடும் மென்பொருளை விற்றது. அதே மாநிலத்தின் காமர்ஸ் ஒன், பெரிய நிறுவனங்களுக்கு இணையச் சந்தைகளைக் கட்டித் தருவதாகச் சொன்னது. பென்சில்வேனியாவின் வெர்டிகல்நெட், தண்ணீர் சுத்திகரிப்புத் தொழிலுக்கான ஒரு தளத்தில் ஆரம்பித்து, தொழிலுக்கு ஒன்றாகத் தளங்களைப் பெருக்கிக்கொண்டே போனது. கெம்டெக்ஸ் ஆய்வகங்களுக்கான வேதிப்பொருள் விற்றது. பிட்ஸ்பர்க் நகரின் ஃப்ரீமார்க்கெட்ஸ் ஏலம் நடத்தியது. இந்த ஏலம் கொஞ்சம் வேடிக்கையானது.

நம் ஊர் ஏலச்சீட்டு தெரியுமல்லவா? பணத் தேவை உள்ளவர்கள் போட்டி போட்டுத் தள்ளிக் கேட்பார்கள், அதிகம் விட்டுக்கொடுப்பவருக்குச் சீட்டு. கிட்டத்தட்ட அதே கணக்கு. ஒரு கார் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் பிளாஸ்டிக் மூடி வேண்டும் என்றால், அதைச் செய்யக்கூடிய இருபது பேரை ஒரே நேரத்தில் திரை முன் உட்காரவைத்து விலையைக் குறைத்துக்கொண்டே போகச் சொல்வது. இதற்குத் தலைகீழ் ஏலம் என்று பெயர். மூடிய கவரில் போடும் டெண்டரில் பக்கத்து ஆள் என்ன விலை போட்டான் என்று தெரியாது. இதில் கண்ணெதிரே தெரியும், மனசு பதறும், விலை இறங்கும். வாங்குகிறவருக்கு உண்மையிலேயே பணம் மிச்சமானது.

இதுவரை சொன்னதன் சாரம்: பி2பி என்பது தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் தமக்குள் செய்யும் வியாபாரம். அதை இணையத்துக்குக் கொண்டுபோவது நல்ல யோசனைதான். நிறுவனங்களும் ஏட்டில் மட்டும் இருந்தவையல்ல, அவற்றுக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

மண்டிக்காரர் கணக்கு

குழப்பம் எங்கே ஆரம்பித்தது என்று பார்க்க, கோயம்பேட்டுக்குப் போவோம். ஒரு கமிஷன் மண்டி. விடிவதற்குள் ஐந்து லட்சம் ரூபாய்க்குத் தக்காளி கைமாறுகிறது. மண்டிக்காரர் அன்றைக்கு ஐந்து லட்சம் சம்பாதித்தார் என்று நீங்கள் சொல்வீர்களா? அது விவசாயியின் பணம். மண்டிக்காரருக்கு அதில் சில சதவீதம் கமிஷன், அதிலும் ஆள் கூலி, வாடகை, அழுகல் எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவருடையது.

சந்தை வழியாகப் பாயும் மொத்தப் பணம் ஒன்று. சந்தை நடத்துகிறவருக்குக் கிடைக்கும் வருமானம் இன்னொன்று. கடைசியில் மிஞ்சும் லாபம் மூன்றாவது. சின்னப் பிள்ளைக்கும் புரியும் இந்த மூன்றையும் 1999ல் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் ஒன்றாகக் கலக்கினார்கள்.

2000 ஜனவரியில் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம், உலக அளவில் இணைய வழி பி2பி வியாபாரம் 2004க்குள் 7.29 லட்சம் கோடி டாலரைத் தொடும் என்று கணித்தது. இது மண்டி வழியாகப் போகும் தக்காளியின் விலை. ஆனால் பங்கு வாங்கியவர்கள் காதில் அது மண்டிக்காரரின் வருமானம் போல விழுந்தது. கொஞ்சம் நிதானமானவர்கள், "சரி, அதில் ஒரே ஒரு சதவீதம் கமிஷன் கிடைத்தால் போதும், 7,290 கோடி டாலர்" என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஒரு சதவீதத்தை ஏன் தர வேண்டும், யார் தருவார்கள் என்பதை விசாரித்தவர்கள் குறைவு.

ஏன் தரமாட்டார்கள்? கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாதகம் கைமாறும் வரைக்கும்தான் அவர் வேண்டும், இரண்டு வீட்டாரும் பேசிப் பழகிவிட்டால் அடுத்த முறை நேராக போன்தான். வேதிப்பொருள் வாங்கும் ஆய்வகத்துக்கும் விற்கும் நிறுவனத்துக்கும் ஏற்கெனவே பத்து வருடப் பழக்கம் இருக்கும், நடுவில் எதற்கு ஒரு தளம்? விற்கிறவருக்கோ இன்னும் மோசம்: அவர் வருவதே தன் விலையைத் தானே அடித்துக் குறைப்பதற்கு. அதுவும் கமிஷன் கட்டி.

பெரிய வாடிக்கையாளர்களுக்கு வேறொரு யோசனை வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டெய்ம்லர் கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து, தங்கள் கொள்முதலுக்குத் தாங்களே ஒரு இணையச் சந்தை தொடங்கப்போவதாக 2000 பிப்ரவரி 25 அன்று அறிவித்தன. பின்னர் கோவிசின்ட் என்று பெயர் வைத்தார்கள். மூன்றும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 24,000 கோடி டாலருக்கு உதிரிபாகங்களும் பிறவும் வாங்கின. இவ்வளவு வாங்குகிறவர்கள் அடுத்தவர் மண்டிக்கு ஏன் கமிஷன் தர வேண்டும், மண்டியையே நாம் வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் இந்த அறிவிப்பைச் சந்தை பி2பிக்குக் கிடைத்த பெரிய நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டது. இத்தனை பெரிய ஆட்களே வருகிறார்கள் என்றால் தொழில் எவ்வளவு பெரிது! (கோவிசின்ட்டும் பிழைக்கவில்லை என்பது தனிக் கதை. 2004க்குள் அதைப் பிரித்து விற்றுவிட்டார்கள்.)

கணக்கு எழுதும் முறையும் இந்தக் குழப்பத்துக்குத் தீனி போட்டது. கெம்டெக்ஸ், தன் வழியாக விற்ற பொருளின் முழு விலையையும் தன் வருமானமாகக் காட்டியது. அதில் பெரும்பகுதி அப்படியே பொருளைச் செய்தவருக்குப் போய்விடும். தக்காளி விலை முழுதையும் மண்டிக்காரர் தன் வருமானமாக எழுதிக்கொள்வது போல. இதைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது, காட்டிய விதம் அறிக்கையிலேயே இருந்தது. படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஊக வணிகம்: பஸ் ஸ்டாண்டு வரப்போகிற மனை

தென்னந்தோப்பு ஒன்றை வாங்குகிறீர்கள். காய் எவ்வளவு காய்க்கும், வெட்டுக்கூலி போக வருடம் என்ன மிஞ்சும் என்று பார்த்து வாங்கினால் அது முதலீடு. ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் கல் நட்ட மனை ஒன்றை, "இங்கே புது பஸ் ஸ்டாண்டு வரப்போகுது" என்ற பேச்சை நம்பி, ஆறு மாதத்தில் இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று வாங்கினால் அது ஊக வணிகம். அங்கே மண் எப்படி, தண்ணீர் வருமா என்பதெல்லாம் உங்களுக்கு முக்கியமே இல்லை. உங்களுக்குப் பின்னால் ஒருவர் அதிக விலைக்கு வருவாரா என்பது மட்டும்தான் கேள்வி.

1999ல் பி2பி பங்குகளை வாங்கி விற்ற பலர் இரண்டாவது வகை. இணையத் தரகு நிறுவனங்கள் வந்ததால் வீட்டில் இருந்தபடியே சில டாலர் கட்டணத்தில் பங்கு வாங்கலாம் என்றாகியிருந்தது. வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்தவர்களும் இருந்தார்கள், காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடும் இவர்களுக்கு டே டிரேடர் என்று பெயர். விலைகள் அப்போது டாலர், காசு என்று ஓடவில்லை, டாலரில் பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பின்னத்தில் ஓடின. அந்தப் பின்னங்களைப் பொறுக்கித்தான் பலர் பிழைப்பு நடத்தினார்கள்.

இவர்களை எல்லாம் முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிபா என்ன செய்கிறது என்று அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, அதன் விலை ஏறும் என்று சரியாகக் கணித்து, 2000 மார்ச்சில் சந்தை சரியத் தொடங்குவதற்கு முன் விற்று வெளியேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிறுவனத்தைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொண்டதால் ஜெயித்தார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

விலை எப்படி அந்த உயரத்துக்குப் போனது

இதுதான் பெரும்பாலான பேச்சில் விட்டுப்போகும் பகுதி. "பேராசை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பேராசை எல்லாக் காலத்திலும் உண்டு, 1999ல் மட்டும் மனிதர்களுக்கு அது புதிதாக வந்துவிடவில்லை. விலை ஏறுவதற்கு ஓர் இயந்திரம் வேண்டும்.

முகூர்த்த நாளில் மதுரை மல்லிகை விலையைப் பார்த்திருப்பீர்கள். வரத்து கொஞ்சம், தேவை கூரையைப் பிய்க்கும், கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அன்றைக்குச் சந்தைக்கு வந்த பத்து மூட்டைக்குக் கிடைத்த விலையை வைத்து, ஜில்லாவில் செடியில் இருக்கும் மொத்த மொட்டுக்கும் அதே விலை போட்டுப் பெருக்கி, "மதுரை மல்லிகையின் மதிப்பு இத்தனை கோடி" என்று ஒருவர் சொன்னால்? அத்தனையையும் பறித்துக் கொண்டுவந்து கொட்டினால் அந்த விலை நிற்குமா?

பங்குச் சந்தையில் எல்லா நிறுவனத்துக்கும் இப்படித்தான் கணக்கு. கடைசியாகக் கைமாறிய ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கினால் வருவது சந்தை மதிப்பு. மொத்தப் பங்கில் எவ்வளவு உண்மையில் சந்தையில் புழங்குகிறதோ அதற்குப் புழங்கும் பங்கு என்று பெயர். பழைய நிறுவனங்களில் பெரும்பகுதி புழக்கத்தில் இருக்கும், அதனால் சந்தை மதிப்புக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. புதிய பி2பி நிறுவனங்களில் ஒரு சிறு பகுதிதான் வெளியே வந்திருந்தது.

ஃப்ரீமார்க்கெட்ஸை எடுத்துக்கொள்வோம். 1999 டிசம்பர் 10 அன்று முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது, இதைத்தான் ஐபிஓ என்கிறோம். 36 லட்சம் பங்குகள், ஒன்று 48 டாலர். சாதாரண ஆளுக்கு 48க்குக் கிடைக்காது, அது வங்கிகளின் பெரிய வாடிக்கையாளர்களுக்கு. சந்தையில் முதல் வர்த்தகமே 200 டாலருக்கு மேல். அன்று மாலை 280. நிறுவனத்தின் மொத்தப் பங்கில் விற்பனைக்கு வந்தது ஏறத்தாழ பத்தில் ஒன்று. மீதி நிறுவனர்கள், ஊழியர்கள், ஆரம்ப முதலீட்டாளர்கள் கையில், பூட்டுக்குள். ஆனால் 280ஐ மொத்தத்தோடு பெருக்கி, நிறுவனத்தின் மதிப்பு 1,000 கோடி டாலரை நெருங்குகிறது என்றார்கள். அந்த ஆண்டு முழுவதும் அதன் வருமானம் சுமார் 2.1 கோடி டாலர். லாபம் இல்லை, நஷ்டம்.

பூட்டு என்று சொன்னேன், அதற்கு லாக்-அப் என்று பெயர். ஐபிஓ முடிந்து வழக்கமாக 180 நாட்களுக்கு உள்ளே இருப்பவர்கள் தங்கள் பங்கை விற்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆறு மாதத்துக்கு வரத்து குறைவு உறுதி என்று இதற்குப் பொருள். எந்தத் தேதியில் செடியில் இருக்கும் மொட்டெல்லாம் சந்தைக்கு வரும் என்பதும் உறுதி. 1999 இரண்டாம் பாதியில் இத்தனை ஐபிஓ வந்ததென்றால் 2000 முதல் பாதியில் இத்தனை பூட்டு திறக்கும். இது ரகசியமே இல்லை, தேதி போட்டு எழுதி வைத்த விஷயம்.

அடுத்து, கடன். உங்களிடம் 10,000 டாலர் இருந்தால் தரகு நிறுவனம் இன்னொரு 10,000 தரும், 20,000க்குப் பங்கு வாங்கலாம், வாங்கிய பங்கே அடமானம். இதுதான் மார்ஜின். பங்கு இரட்டித்தால் 40,000, கடனைக் கழித்தால் 30,000, அதாவது உங்கள் காசு மூன்று மடங்கு. கேட்கவே இனிக்கிறது. நகைக்கடன் வாங்கி மறுபடி நகையே வாங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை இறங்கினால்? விதிப்படி பங்கு மதிப்பில் குறைந்தது 25 சதவீதமாவது உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும், விலை மூன்றில் ஒரு பகுதி இறங்கினாலே அந்த எல்லை வந்துவிடும். தரகர் போன் செய்து இன்னும் பணம் கட்டு என்பார், கட்டாவிட்டால் உங்கள் பங்கை அவரே விற்றுவிடுவார். இது மார்ஜின் கால். 2000 மார்ச்சில் நியூயார்க் பங்குச் சந்தை உறுப்பினர்கள் கொடுத்திருந்த மார்ஜின் கடன் சுமார் 27,800 கோடி டாலர், ஒரே ஆண்டில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

அப்புறம் தூபம் போடுகிறவர்கள். முதலீட்டு வங்கியின் ஆய்வாளர் ஒரு பங்கை "வாங்கலாம்" என்று சொல்வார், அதே வங்கி அந்த நிறுவனத்திடம் ஐபிஓ வேலைக்குக் கட்டணம் வாங்கியிருக்கும். வெளியே ஒரு மதிப்பீடு, உள்ளே சக ஊழியர்களுக்கு எழுதிய மின்னஞ்சலில் வேறு பேச்சு என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் பிறகு ஆதாரம் காட்டினார். அவர் எடுத்துக்காட்டிய பங்குகளில் இன்டர்நெட் கேபிடல் குரூப்பும் ஒன்று. 2002ல் மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு வங்கி இந்த விவகாரத்தை முடிக்க 10 கோடி டாலர் கட்டியது. அதன் நட்சத்திர ஆய்வாளர் ஹென்றி பிளாஜெட்டுக்கு 2003ல் பங்குத் தொழிலில் வாழ்நாள் தடை.

மறுபடி சுருக்கமாக: வெளியே வந்த பங்கு கொஞ்சம், வாங்க வந்த பணத்தில் ஒரு பகுதி கடன், "வாங்கு" என்று சொன்னவர்களுக்கு அதில் ஆதாயம். இந்த மூன்றும் சேர்ந்தால் விலை ஏற நிறுவனம் எதுவும் செய்யத் தேவையில்லை.

பெட்டிக்குள் பெட்டி

இன்டர்நெட் கேபிடல் குரூப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்தக் கூத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பென்சில்வேனியாவில் வெய்ன் என்ற சிற்றூரில் இருந்த இந்த நிறுவனம் எதையும் செய்யவில்லை, எந்தச் சந்தையையும் நேராக நடத்தவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பி2பி நிறுவனங்களில் பங்கு வைத்திருந்தது, அவ்வளவுதான். வெர்டிகல்நெட்டில் பெரிய பங்கு இதனுடையது. 1999 ஆகஸ்டில் 12 டாலருக்கு ஐபிஓ. டிசம்பரில் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தது, ஆகவே பழைய 12 இப்போது 6க்குச் சமம். பிரித்த பங்கு அதே டிசம்பரில் 200 டாலரைத் தாண்டியது. ஐந்தே மாதத்தில் முப்பது மடங்குக்கு மேல். ஆண்டு முடிவில் அதன் சந்தை மதிப்பு ஏறக்குறைய ஜெனரல் மோட்டார்ஸ் அளவுக்கு இருந்தது.

ஒரு பெட்டி, உள்ளே பத்துப் பவுன் நகை. பெட்டியின் விலை பத்துப் பவுனை ஒட்டித்தானே இருக்க வேண்டும்? இங்கே உள்ளே இருந்த நகையே ஊதிப்போன விலையில் இருந்தது, பெட்டியோ அதையும்விடப் பல மடங்கு விலைக்குப் போனது. "அவர்கள் கைபட்டால் எதுவும் தங்கம் ஆகும்" என்று காரணம் சொன்னார்கள். விலை ஏறிய தன் பங்கையே காசாகக் கொடுத்து நிறுவனம் இன்னும் சில குட்டி நிறுவனங்களில் பங்கு வாங்கும். அந்தச் செய்தியால் தன் பங்கு இன்னும் ஏறும். ஏறிய பங்கைக் கொடுத்து இன்னும் வாங்கும். ஏறும்போது இந்தச் சக்கரம் எவ்வளவு அழகாகச் சுற்றியதோ, இறங்கும்போதும் அதே வேகம். குட்டிகள் விழுந்தால் பெட்டி விழும், பெட்டி விழுந்தால் குட்டிகளுக்குப் பணம் தர ஆளில்லை.

(அந்தப் புயலின் ஓரக்காற்று சென்னையிலும் அடித்தது. சத்யம் இன்ஃபோவே என்ற இணைய நிறுவனம் 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது, அடுத்த மாதமே இந்தியாவேர்ல்டு என்ற தளத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. அது பி2பி இல்லை என்பதால் இங்கே இத்தோடு விடுகிறேன்.)

இறக்கம்

என்ன நடந்து விழுந்தது என்று கேட்டால் ஒரே ஒரு காரணத்தைச் சொல்ல முடியாது. அமெரிக்க மத்திய வங்கி 1999 ஜூன் முதல் வட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தது. லாக்-அப்கள் திறக்கத் தொடங்கின. 2000 மார்ச்சில் பேரன்ஸ் வார இதழ், இணைய நிறுவனங்களில் எவற்றுக்குக் கையில் உள்ள பணம் தீரப்போகிறது என்று கணக்குப் போட்டு அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. நாஸ்டாக் குறியீடு அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 10 அன்று, 5,048ல் முடிந்ததுதான் உச்சம்.

இறங்க ஆரம்பித்ததும் மார்ஜின் வேலையைக் காட்டியது. விலை இறங்கினால் தரகர் விற்கிறார், அவர் விற்பதால் இன்னும் இறங்குகிறது, அடுத்தவருக்குப் போன் போகிறது. ஏப்ரல் 14ல் முடிந்த ஒரே வாரத்தில் நாஸ்டாக் 25 சதவீதம் சரிந்தது. பி2பி பங்குகள் அதைவிட மோசம். 48க்கு வந்து 280ல் முடிந்த ஃப்ரீமார்க்கெட்ஸ், அந்த ஆண்டு டிசம்பரில் 20 டாலர் பக்கம் நின்றது. கெம்டெக்ஸ், வென்ட்ரோ என்று பெயர் மாற்றிப் பார்த்து, அதே டிசம்பரில் வேதிப்பொருள் சந்தையையே மூடுவதாக அறிவித்தது. இன்டர்நெட் கேபிடல் குரூப் 2001ல் ஒரு டாலருக்கும் கீழே. அப்போது அமெரிக்காவில் ஓடிய ஒரு ஜோக்: பி2பி என்றால் "பேக் டு பேங்கிங்", பி2சி என்றால் "பேக் டு கன்சல்டிங்". வங்கி வேலையையும் ஆலோசனை வேலையையும் விட்டுவிட்டு டாட்காமுக்கு ஓடியவர்கள் திரும்பிப் போன கதை இரண்டே வரியில்.

ஆனால் ஒரே நேர்கோட்டில் விழவில்லை, இதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 2000 கோடையில் அரிபா போன்ற சில பங்குகள் திரும்ப எழுந்தன. ஆகஸ்ட் கடைசியில் அரிபா 150 டாலருக்கு மேல் இருந்தது. ஏப்ரலில் பயந்து விற்றவர்கள் தங்களையே நொந்துகொண்டு மறுபடி வாங்கினார்கள். குப்பை போய்விட்டது, நல்லவை மட்டும் மிஞ்சின என்பது அன்றைய பேச்சு. என்னைக் கேட்டால் மார்ச்சில் மாட்டியவர்களைவிட இவர்கள்தான் பாவம், ஒரு முறை தப்பித்து வந்து தாங்களாகவே திரும்ப உள்ளே போனவர்கள்.

யோசனை சரி, விலை?

காமர்ஸ் ஒன் 2004ல் திவாலானது, மிச்சமிருந்த அதன் காப்புரிமைகளை ஏலத்தில் விட்டார்கள், 1.55 கோடி டாலருக்குப் போயின. இணையச் சந்தைகளைக் கட்டித் தந்த நிறுவனத்துக்கு இப்படி ஒரு ஏலம். ஆனால் யோசனை சாகவில்லை. இன்று பெரிய நிறுவனம் எதற்காவது சரக்கு கொடுப்பவரைக் கேட்டுப் பாருங்கள், ஆர்டரும் பில்லும் ஏதோ ஒரு இணையத் தளம் வழியாகத்தான் என்பார், தலைகீழ் ஏலத்தில் உட்கார்ந்து கைநடுங்கிய கதையும் சிலரிடம் இருக்கும். அந்தத் தளம் அரிபாவாகவே இருக்கலாம்.

ஆமாம், அரிபா பிழைத்தது. 2004ல் ஃப்ரீமார்க்கெட்ஸையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மென்பொருளுக்கும் சேவைக்கும் கட்டணம் வாங்கும் நிறுவனமாக மெல்ல நிமிர்ந்தது. 2012ல் ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனம் அதைச் சுமார் 430 கோடி டாலருக்கு வாங்கியது, பங்குக்கு 45 டாலர். பி2பி கூட்டத்திலேயே இதைவிட நல்ல முடிவைப் பார்ப்பது கடினம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2000 ஆகஸ்டில் ஒருவர் அரிபாவை 150 டாலருக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். குப்பையைத் தள்ளிவிட்டு இருப்பதிலேயே நல்ல நிறுவனமாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார், அதில் தவறே இல்லை. இடையில் 2004ல் அரிபா ஆறு பங்கை ஒன்றாகச் சேர்த்தது. ஆகவே 2012ல் எஸ்ஏபி 45 டாலர் கொடுத்த அந்த ஒரு பங்குக்கு, நம் ஆள் போட்ட பணம் 900 டாலர். பன்னிரண்டு வருடம் பொறுமையாக வைத்திருந்து, நிறுவனமும் ஜெயித்து, அவர் கைக்கு வந்தது நூற்றுக்கு ஐந்து.